கோத்தகிரியிலிருந்து ஆகும்பே வரை உணவுக்காகவே ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்: வழியும் காலமும் பற்றி ஆலோசனை வேண்டும்

மேட்டுப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியும் இரண்டு 350 சிசி வண்டிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையோடு வடக்கு நோக்கிச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் மலையேறி, கோத்தகிரி, உதகை, கூடலூர், சுல்தான் பத்தேரி, மானந்தவாடி, குட்டா, விராஜ்பேட்டை, மடிக்கேரி, சக்லேஷ்பூர், சிக்மகளூர், சிருங்கேரி வழியாகச் சென்று கர்நாடகத்தின் ஆகும்பேயில் முடிக்க வேண்டும் என்பது எண்ணம். இதே மலைகளில் இதற்கு முன் மூன்று முறை சுற்றியிருக்கிறோம். மூன்று முறையும் சாலையோரத்தில் பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், முட்டைக் குழம்பு என்று சமவெளியில் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். சென்ற பொங்கலன்று உறவினர் ஒருவர், படுகர் வீட்டில் என்ன சமைப்பார்கள், குடகில் கச்சம்புளி என்கிறார்களே அது எப்படி இருக்கும் என்று கேட்டபோது, அந்த ஊர்களின் ஒவ்வொரு வளைவையும் அறிந்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே இந்த முறை உணவே பயணத்தின் காரணம். 5 நாள் விடுப்பு இருக்கிறது. ஜூலை இறுதியில் கிளம்பலாமா, வீட்டுச் சமையலை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, வண்டியில் எதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை என் கேள்விகள். குடகில் காட்டுப்பன்றிக் கறி கிடைக்கும் என்று தம்பி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான்; அது பற்றியும் சொல்லுங்கள்.

நெடுவழி எழுதியது:

நண்பரே, வழி நல்ல வழி. நாள்தான் போதாது. நீங்கள் சொல்லும் பாதை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரும். சமவெளியில் அது ஒரு நாள் ஓட்டம் என்றாலும், மலையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வராது, மழையும் மூடுபனியும் இருந்தால் அதுவும் குறையும். 5 நாளில் முடித்தால் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இருக்கையில் இருப்பீர்கள், சாப்பாட்டு வேளையில் எங்கோ ஒரு காட்டு நடுவில் இருப்பீர்கள், பசி முற்றிய பிறகு முதலில் கண்ணில் படும் கடையில் நிற்பீர்கள். முந்தைய மூன்று பயணங்களிலும் உங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

உணவுக்காகப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றே. நாளுக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். விடிந்ததும் கிளம்பி, பதினொன்றரை மணிக்குள் அன்றைக்கு இரவு தங்கும் ஊரை அடைந்துவிடுங்கள். மலை வீடுகளில் அடுப்பு முழுமையாக எரிவது மதியத்துக்குத்தான். முன்தினமே தொலைபேசியில் சொல்லி வைத்தால் தங்கும் வீட்டிலேயே சமைத்துத் தருவார்கள். இரவு ஏழு மணிக்கு நனைந்து போய் நின்று கேட்டால் அவர்களால் சப்பாத்தியும் பருப்பும்தான் தர முடியும். 8 நாள் விடுப்புக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆகும்பேயை விட்டுவிட்டு மடிக்கேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹட்டிவாசி எழுதியது:

நான் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். எங்கள் உணவு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று வருகிறவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். விற்பதற்காகச் சமைக்கும் பழக்கம் எங்களிடம் இல்லாமல் போனதுதான் காரணம். ஹட்டி என்று நாங்கள் சொல்லும் ஊர்களில் அவரவர் வீட்டிலும், எத்தையம்மன் பண்டிகையின்போது ஊர்ப் பந்தியிலும் சமைப்பதே எங்கள் சமையல்.

என் பாட்டி காலத்தில் சாமை, ராகி, கோதுமை, வாற்கோதுமை ஆகியவை எங்கள் நிலத்தில் விளைந்தன. 1819-இல் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்த பிறகு உருளைக்கிழங்கும் மற்ற ஐரோப்பியக் காய்களும் பரவின, பிறகு தேயிலை வந்து சிறுதானிய நிலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆகவே இன்று எங்கள் வீட்டுத் தட்டில் இரண்டு காலங்கள் சேர்ந்தே இருக்கும். ராகிக் களியும் உண்டு; அதன் மேல் ஊற்றும் குழம்பில் உருளைக்கிழங்கும் உண்டு. அவரையை ஊறவைத்துத் தோலுரித்து, கிழங்கோடு வேகவைத்துச் செய்யும் அவரை உதக்காவை நீங்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும். விசேஷ நாட்களில் துப்பதிட்டு என்ற பலகாரம் பொரிப்பார்கள். துப்பம் என்றால் எங்கள் மொழியில் நெய்.

ஒரு வேண்டுகோள். ஹட்டிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து, சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். படுகர் குடும்பங்கள் நடத்தும் தங்கும் வீடுகள் கோத்தகிரியைச் சுற்றி இருக்கின்றன. அங்கே இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டால் மகிழ்ச்சியோடு சமைப்பார்கள். கோத்தகிரியிலேயே கீஸ்டோன் அறக்கட்டளை பழங்குடித் தேன் சேகரிப்பாளர்களோடு 1990-களிலிருந்து பணியாற்றி வருகிறது. பாறைத் தேனைச் சுவைக்க விரும்பினால் அங்கே விசாரியுங்கள், சாலையோரப் பாட்டில்களை நம்ப வேண்டாம். வர்க்கியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விறகு அடுப்பில் சுட்டதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

சித்தாபுரத்துச் சகோதரி எழுதியது:

தம்பி, நான் குடகில் சித்தாபுரத்தில் இருக்கிறேன். என் தாத்தா காலத்தில் காப்பித் தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது, ஆதலால் இந்த ஊர்ச் சமையலை வெளியாளாகவும் உள்ளாளாகவும் பார்த்து வளர்ந்தவள் நான்.

முதலில் உங்கள் தம்பியின் கேள்வி. காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் அதன் கறியை விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி யாராவது ரகசியமாகக் கொண்டு வந்து தருவதாகச் சொன்னால் விலகிப் போய்விடுங்கள். பந்தி கறி, அதாவது இங்குள்ள பன்றிக் கறி, முன்னொரு காலத்தில் வேட்டைக் கறியாக இருந்தது உண்மை. இன்று குடகு வீடுகளில் ஆக்குவது வளர்ப்புப் பன்றி, அதன் சுவையில் ஒரு குறையும் இல்லை. கறியை அதன் கொழுப்பிலேயே நிதானமாக வேகவிட்டு, மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றைக் கருகும் நிலைக்கு ஒரு நொடி முன்பு வரை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பார்கள். கறுப்பு நிறம் அந்த வறுவலிலிருந்து வருகிறது. இறக்கும் தறுவாயில் கச்சம்புளி என்ற கறுப்புப் புளிச்சாறு ஒரு கரண்டி. உடன் கடம்புட்டு, அதாவது அரிசித் தரியைக் கிண்டி உருட்டி ஆவியில் வேகவைத்த உருண்டை.

காலம் என்று கேட்டால் ஆடி மாதத்தையே சொல்வேன். இங்கே அதற்குக் கக்கட என்று பெயர். மூங்கில் குருத்து வெட்டும் காலம், காளான் முளைக்கும் காலம், வயலில் நண்டு பிடிக்கும் காலம் எல்லாம் அதுதான். கக்கட 18-ஆம் நாள், பெரும்பாலும் ஆகஸ்ட் 3 அன்று, மத்து என்ற செடியின் தழையை வேகவைத்து, அந்த ஊதா நிறச் சாற்றில் பாயசமும் புட்டும் செய்வார்கள். அந்த நாளில்தான் அந்தச் செடியில் மருந்து முழுதாக ஊறியிருக்கும் என்பது இங்குள்ள நம்பிக்கை. சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து போகும், பயப்பட வேண்டாம். வருடத்தில் இந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

மழைக்கணக்கு எழுதியது:

சகோதரி சொல்லும் உணவின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் இரண்டு இளைஞர்கள் இரண்டு சக்கரத்தில் இந்த வழியில் செல்வதை என்னால் ஆதரிக்க முடியாது. 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றி மலைச்சரிவுகள் எப்படி இறங்கின என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர்கள் இவர்கள் செல்லும் பாதையில் நேரடியாக இல்லை என்றாலும், அதே மழையும் அதே வகைச் சரிவும்தான் இந்தப் பாதையிலும் இருக்கின்றன. மேலும், பேரிடர் நடந்த வாரத்தில் மீட்பு வண்டிகள் செல்ல வேண்டிய ஒற்றைச் சாலையில் சுற்றுலா வண்டி நிற்பதே பெரும் தொல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வழி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், வயநாடு, குடகு, ஆகும்பே ஆகியவை தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. ஆகும்பேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,600 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அவற்றுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கடுமையானது, 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகள் அதற்குச் சாட்சி. ஆகவே ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைவெளி, அதாவது செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான், இந்த முழு வழிக்கும் பொருந்தும் காலம். அப்போதும் மழை பெய்யும். ஆனால் மலை தாங்கும் அளவில் பெய்யும்.

சித்தாபுரத்துச் சகோதரி எழுதியது:

ஐயா சொல்வது சரி. 2018-இல் எங்கள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சாலையே இல்லாமல் போனதைப் பார்த்தவள் நான்; உணவின் ஆசையில் அதை எழுத விட்டுவிட்டேன். தம்பி, செப்டம்பர் கடைசியில் வாருங்கள். மத்து இருக்காது. மூங்கில் குருத்து உப்புநீரில் போட்டு வைத்தது இருக்கும், பைம்பளே கறி வைக்கலாம். எல்லாவற்றையும் விட, அந்த வருடத்துக் கச்சம்புளி அப்போதுதான் காய்ச்சி இறக்கியிருப்பார்கள். அதைப் புதிதாகப் பார்ப்பதற்கு அதுவே தக்க சமயம்.

கூடலூர்ப் பட்டறை எழுதியது:

இருபது வருடமாகக் கூடலூரில் இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் பாதிக்கு மேல் பிரேக் கோளாறுதான். இறக்கம் முழுவதும் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். டிரம் சூடேறி, லைனிங் கருகி, கடைசி வளைவில் மிதித்தால் பிடிக்காது. டிஸ்க் பிரேக்காக இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்து லிவர் தொளதொளவென்று ஆகிவிடும். பழைய ஓட்டுநர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள்: எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். என்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு மட்டும் தொடுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ என்ஜினை அணைத்துவிட்டோ பெட்ரோல் மிச்சம் என்று உருண்டு வராதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலையின் சட்டம். கிளம்புவதற்கு முன் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள், செயினைச் சரியான தொய்வில் வையுங்கள், டியூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சர் ஒட்டும் கருவியைக் கையோடு வையுங்கள்.

நீலகிரிக்குள் நுழைய வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் மாவட்டத்தில் தடை, ஆகவே எஃகுப் பாட்டில் கொண்டு வாருங்கள். கூடலூரிலிருந்து தேவர்சோலை, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரி செல்லும் சாலையிலும், தோல்பெட்டிக் காட்டிலும் யானை குறுக்கிடும். கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், ஒலிப்பானைத் தொடாதீர்கள், அது கடந்து போன பிறகும் சற்று நேரம் பொறுங்கள். பின்னால் குட்டி வரக்கூடும். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009 முதல் போக்குவரத்துத் தடை இருப்பதை மனத்தில் வையுங்கள்.

பத்தேரிப் பயணி எழுதியது:

வயநாட்டில் பிரியாணி மட்டும் சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இந்த நிலத்தின் பெருமை நெல்தான். கந்தகசாலையும் ஜீரகசாலையும் 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற வாசனை நெல் வகைகள். மானந்தவாடிப் பக்கத்துக் குறிச்சியர் குலத்து உழவர் செறுவயல் ராமன் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளைத் தம் வயலில் காத்து வந்ததற்காக 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். கந்தகசாலையில் வைத்த பாயசம் கிடைத்தால் விடாதீர்கள். மதியத்துக்கு ஒரு எளிய வீட்டுச் சோறும், குடம்புளி போட்ட மீன் குழம்பும், கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் போதும்.

மேட்டுப்பாதை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி முடியாது. 8 நாள் விடுப்புக் கிடைத்துவிட்டது. செப்டம்பர் 24 காலை கிளம்புகிறோம். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

மேட்டுப்பாதை எழுதியது:

வந்துவிட்டோம். இருவரும் நலம், வண்டிகளும் நலம். வழி முழுவதையும் நாள் நாளாக எழுதினால் நீளும் என்பதால், உங்களோடு பகிர்ந்தே தீர வேண்டும் என்று தோன்றியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் ஹட்டிவாசி அண்ணன் சொன்னபடி இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போனோம். அந்த வீட்டு அம்மா அவரையைத் தோலுரித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார்; நாங்களும் அமர்ந்து உரித்தோம். ஊறிய அவரையை இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே வரும். ஒரு படி அவரைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உணவகங்களில் இது ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு என் விரல்களே பதில் சொல்லிவிட்டன. உதக்காவைக் களியோடு சாப்பிட்டபோது, அவரையின் மெல்லிய மாவுத்தன்மைதான் முதலில் தெரிந்தது, காரம் பின்னால் வந்தது.

உதகையிலும் கூடலூரிலும் சொல்லும்படி எதுவும் இல்லை. மழை, தேநீர், சூடான வர்க்கி. பட்டறை அண்ணன் சொன்ன கியர் விதியைக் கூடலூர் இறக்கத்தில்தான் முதன்முறையாக முழுமையாகக் கடைப்பிடித்தேன். முந்தைய பயணங்களில் இதே இறக்கத்தில் பிரேக் கருகும் வாசம் வந்ததை, எல்லா வண்டிக்கும் வருவது என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். இம்முறை இறங்கி நின்று டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிகிற வெதுவெதுப்புதான் இருந்தது.

சுல்தான் பத்தேரியில் ஒரு தவறு செய்தோம். பத்தேரிப் பயணி எச்சரித்தும் கேட்காமல் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு மானந்தவாடிக்குக் கிளம்பினோம். இருபது நிமிடத்தில் தம்பியின் வண்டி மெல்ல மெல்ல வலப்புறம் சாய்ந்து நடுக்கோட்டைத் தொடுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒலிப்பானை அழுத்தியதும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண் அசந்திருக்கிறான். எதிரில் அந்தக் கணத்தில் பேருந்து எதுவும் வராதது எங்கள் பேறு. ஒரு தேவாலயத்து மரத்தடியில் வண்டிகளை நிறுத்தி, இருவரும் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத்தான் நகர்ந்தோம். அன்று முதல், ஓட்டி முடித்த பிறகே முழுச் சாப்பாடு, அதுவரை பழமும் கஞ்சியும் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். நெடுவழி அண்ணன் சொன்ன மதியக் கணக்கின் உண்மையான மதிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது அடுப்புக்காக மட்டும் சொன்னதாக நினைத்திருந்தேன்.

மானந்தவாடியில் மறுநாள் ஒரு வீட்டில் மீன் குழம்பு. அதில் கறுத்துச் சுருங்கிய ஓர் இதழ் கிடந்தது. அதுதான் குடம்புளி என்றார்கள். வாயில் வைத்தால் முதலில் புகை, பிறகு புளிப்பு. அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைத்திருந்ததைக் காட்டினார்கள். இந்தப் பழம் பழுக்கும் நேரத்தில் வெயிலே இருக்காது, அதனால் புகையில்தான் காய வைக்க முடியும் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டேன், அப்போது அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் தோல்பெட்டி, குட்டா, கோணிக்கொப்பல் வழியாகச் சித்தாபுரம். சகோதரி தம் பக்கத்து வீட்டுக் குடவக் குடும்பத்திடம் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் போனபோது முற்றத்தில் பெரிய பாத்திரத்தில் ஏதோ கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அருகில் மூங்கில் கூடைகளில் மஞ்சள் நிறப் பழங்கள் குழைந்து, அவற்றின் சாறு கீழே வைத்த சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தேன். சிறிய பூசணி போல வரிவரியாகக் குழிந்திருந்தது. முந்தைய நாள் பரணில் பார்த்த சுருங்கிய இதழ் இந்தப் பழத்தின் தோல்தான் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. ஒரே மரம். எண்பது கிலோமீட்டருக்குள் ஓர் ஊர் அதைப் புகையில் காய வைக்கிறது, மற்றோர் ஊர் அதன் சாற்றைப் பாகு பதம் வரும் வரை காய்ச்சுகிறது. இரண்டுமே வெயில் இல்லாத மழைக்காலத்தில் புளியைச் சேமித்து வைக்க மனிதர்கள் கண்ட வழிகள்.

அந்த வீட்டு அம்மா ஒரு துளியை என் உள்ளங்கையில் விட்டார். நாக்கு மடங்கிப் போகும் புளிப்பு. ஆனால் அடியில் பழச்சாற்றின் இனிப்பு ஒரு நூல் அளவுக்கு இருந்தது, புகை வாசமே இல்லை. குடம்புளியின் புகை மீனுக்கு ஏன் பொருந்துகிறது, இந்தத் தெளிவான புளிப்பு பன்றிக் கொழுப்பை ஏன் வெட்டுகிறது என்பதை அன்று மதியம் தட்டில் வைத்தே உணர்ந்தோம். கறி வெந்து கொழுப்பு மிதக்கும்போது ஒரு கரண்டி கச்சம்புளியை ஊற்றினார். குழம்பு பளபளப்பை இழந்து கெட்டியானதைக் கண்ணால் பார்த்தேன். தம்பி நான்காவது கடம்புட்டுக்குக் கை நீட்டியபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஐந்தாவதையும் வைத்தார். அன்று நாங்கள் வண்டியைத் தொடவில்லை.

மடிக்கேரி, சக்லேஷ்பூர் வழியில் காப்பித் தோட்டங்களுக்குள் நிழல் மரங்களின் கீழே ஓட்டியதை எழுத எனக்குச் சொல் வாய்க்கவில்லை. சிக்மகளூரில் பாபா புதன் மலையைப் பார்த்தோம். அரேபியாவிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் துறவியின் பெயரில் அமைந்த மலை அது. அந்த மலையின் அரேபிகா காப்பிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே குடித்த காப்பியில் சிக்கரி இல்லை, அதனால் எனக்கு முதலில் மெலிதாகத் தோன்றியது, இரண்டாம் குவளையில் பழகிவிட்டது.

சிருங்கேரிக்கு அப்பால் மலைநாட்டு வீடொன்றில் பத்ரொடே கிடைத்தது. சேம்பு இலையில் அரைத்த அரிசி மாவைத் தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைப்பது. மழைக்காலத்தில் மரக் கிளைகளில் ஒட்டி வளரும் மரக்கெசு என்ற காட்டுச் சேம்பின் இலையைத்தான் இவர்கள் உயர்வாகச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவை அந்தப் பருவத்தின் கடைசி இலைகள். இலையின் அரிப்பு போக மாவில் புளியைச் சேர்த்து அரைக்க வேண்டும். என்ன புளி என்று கேட்டபோது, வீட்டுக்காரர் சாதாரணப் புளியைத்தான் காட்டினார். ஆனால் எங்கள் கச்சம்புளிக் கதையைக் கேட்டதும், அந்த மரத்துக்குக் கன்னடத்தில் உப்பாகெ என்று பெயர் என்றும், சிர்சிப் பக்கத்தில் அதன் விதையிலிருந்து நெய் போன்ற கொழுப்பை எடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். தோலைப் புகைக்கும் ஊர், சாற்றைக் காய்ச்சும் ஊர், விதையை உருக்கும் ஊர். சிர்சி வரை போக எங்களிடம் நாள் இல்லை.

ஆகும்பேயில் மல்லி, சீரகம், மிளகு, வெல்லம் சேர்த்த கஷாயத்தைப் பாலோடு கொடுத்தார்கள். பிறகு சோமேஸ்வரம் நோக்கி 14 வளைவுகளை இரண்டாம் கியரிலேயே இறங்கினோம்.

நெடுவழி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. தம்பியின் தூக்கத்தைப் பற்றி மறைக்காமல் எழுதியதற்குத் தனியே நன்றி. இந்த இழையைப் படித்துவிட்டுக் கிளம்பப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பத்தி அதுதான்.

ஹட்டிவாசி எழுதியது:

அவரை உரித்த வீட்டிலிருந்து எனக்குத் தகவல் வந்தது, நீங்கள் இருவரும் உரித்து முடித்த பிறகே எழுந்தீர்கள் என்று. ஜனவரியில் எத்தையம்மன் பண்டிகை முடிந்த பின் ஒரு நாள் வாருங்கள், இம்முறை என் வீட்டுக்கு.

மேட்டுப்பாதை எழுதியது:

கட்டாயம் வருகிறோம் அண்ணா. சகோதரிக்கு ஒரு கேள்வி. நீங்கள் கொடுத்தனுப்பிய கச்சம்புளிப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா? வீட்டில் அம்மா மீன் குழம்பில் அரைக் கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும் என்கிறார்.

சித்தாபுரத்துச் சகோதரி எழுதியது:

வேண்டாம் தம்பி. நன்றாகக் காய்ச்சிய கச்சம்புளி வெளியிலேயே வருடக்கணக்கில் கெடாது, ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. உலோக மூடி போடாதீர்கள், புளிப்பு அரித்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் தக்கையால் அடைத்து வையுங்கள். மீன் குழம்புக்கு அரைக் கரண்டி அதிகம். கால் கரண்டி போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.